காரைக்குடியில் சர்வர், தேவகோட்டையில் அதன் நகல்: இது போதுமா?

கழனிவாசல் · 6 அக்டோபர், இரவு 9.15

நகைக்கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. தலைமையகம் காரைக்குடி. தேவகோட்டை, பள்ளத்தூர், திருமயம், பொன்னமராவதி என்று சுற்றுவட்டாரத்தில் 22 கிளைகள். அடகுச் சீட்டு, நகையின் எடை, படம், வட்டிக் கணக்கு, வாடிக்கையாளர் ஆவணம் எல்லாம் தலைமையகத்திலுள்ள ஒரே ஸ்டோரேஜில்தான், அதாவது தரவுச் சேமிப்புக் கருவியில்தான், எழுதப்படுகின்றன. மொத்தம் 18 டெராபைட். ஒரு நாளில் புதிதாக எழுதப்படுவதும் மாறுவதும் சேர்ந்து 120 ஜிகாபைட் வரும்.

2018இல் கஜா புயல் அடித்த வாரத்தை நான் மறக்கவில்லை. நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிவிட்டுப் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் தேடி பங்க் பங்காக அலைந்தேன். மேல்தளத்தில் ஒழுகிய மழைநீர் சர்வர் அறைக் கதவுவரை வந்து நின்றது. அன்றிலிருந்து இரண்டாவது இடம் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலாளி இந்த ஆண்டுதான் ஒப்புக்கொண்டார்.

தேவகோட்டைக் கிளையின் மாடியில் இன்னொரு ஸ்டோரேஜ் வைத்து, இங்கே எழுதும் ஒவ்வொன்றையும் அதே நொடியில் அங்கேயும் எழுதலாம் என்கிறார் விற்பனையாளர். ஒரு பதிவுகூடத் தொலையாதாம். அந்தத் தூரம் போதுமா, அதே நொடியில் எழுதினால் இங்கே வேகம் குறையுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும். தேவகோட்டையில் உயிருள்ள நகல் இருக்கும்போது தினமும் டேப்பில் (காந்த நாடாவில்) பேக்கப் எடுப்பது எதற்கு, அதை நிறுத்திவிடலாமே என்று முதலாளி கேட்கிறார். விற்பனையாளரும் தலையாட்டினார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

வளவு · 6 அக்டோபர், இரவு 10.40

தம்பி, முதலில் வேகத்தைப் பார்ப்போம்.

ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ நொடி. உடனடி ரெப்ளிகேஷனில், அதாவது அதே நொடியில் நகலெடுக்கும் முறையில், காரைக்குடி ஸ்டோரேஜ் ஒரு பதிவை எழுதி, அதைத் தேவகோட்டைக்கு அனுப்பி, அங்கும் எழுதியாயிற்று என்ற பதில் கிடைத்த பிறகே உங்கள் மென்பொருளுக்குச் சம்மதம் சொல்லும். சாலையோரம் வளைந்து போகும் ஃபைபரை 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்வரக் கால் மில்லி நொடி. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அதை உணரவே மாட்டார்.

இதையே சென்னைக்குக் கொண்டுபோனால் கதை மாறும். ஃபைபர் வழி 450 கிலோமீட்டர் என்றால் போய்வர நாலரை மில்லி நொடி. பகலில் சமாளித்துவிடலாம். இரவு வட்டி ஏற்றும் வேலையில் 5 லட்சம் கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால், காத்திருப்பு மட்டுமே 37 நிமிடம் கூடும். அதனால்தான் உடனடி நகலை ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்வது தொழில் வழக்கம். அதற்கு அப்பால் பிந்திய ரெப்ளிகேஷன்தான். அதில் இங்கே எழுதியவுடன் சம்மதம் கிடைத்துவிடும். தொலைவில் இருக்கும் நகல் சில நொடியோ சில நிமிடமோ கழித்து வந்து சேரும்.

வேகத்தைப் பொறுத்தவரை தேவகோட்டை நல்ல இடம். ஆபத்தைப் பொறுத்தவரை நல்ல இடமில்லை. கஜா இரண்டு ஊரையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. பங்குச் சந்தைகளுக்கு அவற்றின் ஒழுங்குமுறை அமைப்பான செபி வைத்திருக்கும் விதி ஒன்று உங்களுக்கு அளவுகோலாக உதவும். மாற்று மையம் வேறு நில அதிர்வு மண்டலத்தில் இருக்க வேண்டும். அது இயலாவிட்டால் குறைந்தது 500 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதோடு, ஒரு பதிவும் தொலையாதபடி பக்கத்தில் ஒரு நகலும் வைக்க வேண்டும். அருகே ஒன்று, தொலைவில் ஒன்று. இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. உங்கள் நிறுவனத்துக்கு அந்த விதி பொருந்தாது. அதற்குப் பின்னாலிருக்கும் சிந்தனை பொருந்தும்.

டேப் பற்றி நாளை எழுதுகிறேன்.

பெட்டியடி · 6 அக்டோபர், இரவு 11.55

நாளைவரை என்னால் பொறுக்க முடியவில்லை. டேப்பை நிறுத்தாதீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்திலும் இப்படித்தான் இரண்டு ஊர், இரண்டு ஸ்டோரேஜ், உடனடி நகல். சோதனைக்காகத் தொடங்கிய கிளையின் பதிவுகளை நீக்க ஓர் இரவு ஒரு கட்டளைத் தொகுப்பை ஓட்டினோம். நிபந்தனை வரியில் கிளை எண் விடுபட்டிருந்தது. 11 லட்சம் பதிவுகள் அழிந்தன. கட்டளையை நிறுத்துவதற்குள் மற்ற ஊரிலும் அழிந்துவிட்டன. இரண்டு ஸ்டோரேஜும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகின்றன என்று திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பச்சையை இன்றும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

ஐந்து நாள் பழைய டேப் ஒன்று வங்கி லாக்கரில் இருந்ததால் பிழைத்தோம். அந்த ஐந்து நாள் கணக்கை 30 பேர் உட்கார்ந்து காகித ரசீதுகளைப் பார்த்து மறுபடி ஏற்றினோம்.

ரெப்ளிகேஷன் எழுதியதை அப்படியே எழுதும். எழுதியது சரியா என்று அது கேட்காது. தீப்பிடித்தால் அது காப்பாற்றும். தப்பான கை பட்டால் காப்பாற்றாது.

கழனிவாசல் · 7 அக்டோபர், காலை 7.20

நன்றி, அண்ணன். படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

ஆனாலும் ஒரு பதிவுகூடத் தொலையக் கூடாது என்பதில் நான் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். ஒரு தாய் மகள் கல்யாணத்துக்காகப் பணத்தைத் திரட்டிக்கொண்டு வந்து கட்டி, நகையை மீட்டுப் போகிறார். அந்தப் பதிவு தொலைந்தால், மறுநாள் எங்கள் கணினி அவரைக் கடனாளி என்று சொல்லும். நகை பெட்டகத்தில் இருப்பதாகவும் சொல்லும். இங்கே நகை என்பது உலோகம் மட்டுமா? 15 நிமிடப் பதிவு தொலையலாம் என்று தொழில்நுட்பக்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த 15 நிமிடத்தில் வந்து போனவர்களின் முகம் எனக்குத் தெரியும்.

இரண்டாங்கட்டு · 7 அக்டோபர், பிற்பகல் 3.05

எனக்கு உங்கள் துறை தெரியாது. கானாடுகாத்தான் பக்கம் எங்கள் வீட்டிலிருக்கும் பழைய கணக்குகளைப் படமெடுத்துச் சேமித்துவருகிறேன். அதற்கு எத்தனை நகல் வைக்க வேண்டும் என்று தேடியபோதுதான் இந்த இழை கண்ணில் பட்டது. ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார், பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்தும் ஏஜெண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார். கடையில் நாள்வழி எழுதி, அதிலிருந்து பேரேட்டில் ஏற்றுவார்கள். பிறகு கணக்கின் நகலைக் கப்பல் தபாலில் ஊருக்கு அனுப்புவார்கள். அந்த நகல்கள்தான் இன்று எங்கள் பெட்டகத்தில் இருக்கின்றன.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. ஐயா அரக்கான் வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். பேரேடுகள் அங்கேயே போய்விட்டன. வீட்டிலிருந்த கடைசி நகல் ஐப்பசி மாதக் கணக்கு. அதற்குப் பிறகு எழுதிய வரவு செலவு எதுவும் எங்களுக்குத் தெரியாது. தம்பி கேட்கும் 15 நிமிடம் எங்களுக்கு இரண்டு மாதமாக இருந்தது.

இன்னொன்றும் அந்தப் பெட்டகத்தில் கிடைத்தது. 1936 தேதியிட்ட கடிதம் ஒன்று. ஏஜெண்டு ஒருவர் தவணை முடிந்து கணக்கை ஒப்படைத்தபோது, ஒரு கடன் தொகை கடைப் பேரேட்டில் ஒரு விதமாகவும் ஊர் நகலில் வேறு விதமாகவும் இருந்திருக்கிறது. கடைப் பேரேட்டில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் ஊர் நகலில் கை வைக்க முடியவில்லை. அது முன்பே கப்பலேறிவிட்டது.

வளவு · 7 அக்டோபர், இரவு 9.30

ஆச்சி, நான் இரவு எழுத நினைத்ததை நீங்கள் பகலிலேயே எழுதிவிட்டீர்கள். கப்பலேறிவிட்ட நகல்! இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரிய நிறுவனங்களுக்கு நடந்ததும் இதுதான். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் உலகம் முழுவதும் வீழ்ந்தன. பயனர்களின் அடையாளங்களை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் பல நாடுகளில் இருந்தன. ஒவ்வொன்றும் மற்றவற்றின் நகல். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்பதுதான் ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் போனால் என்ன செய்வது என்பதற்கு ஏற்பாடு இல்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று, கானா நாட்டில். தாக்குதல் நடந்தபோது அங்கே மின்சாரம் இல்லாமல் அந்த சர்வர் இணைப்பை விட்டு விலகியிருந்தது. அந்த ஒன்றிலிருந்துதான் அடையாளக் கட்டமைப்பை மீட்டெடுத்தார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துத்தரும் கிட்லேப் நிறுவனத்தில் நகல் டேட்டாபேஸ் பின்தங்கிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க நினைத்த பொறியாளர், அழிக்கும் கட்டளையை மூல சர்வரில் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் நாலரை ஜிகாபைட் மிஞ்சியது. தினசரி பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், பேக்கப் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேசோடு ஒத்துவராததால் அது பல நாளாக ஓடவே இல்லை. தோல்வி அறிவிக்கும் மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் பிரதிதான்) காப்பாற்றியது. அந்த நிறுவனம் இதையெல்லாம் மறைக்காமல் வெளியிட்டது; அதற்காக அவர்களை மிகவும் மதிக்கிறேன்.

இரண்டிலும் காப்பாற்றியது பிந்தியிருந்த நகல், அல்லது தொடர்பற்றிருந்த நகல்.

கழனிவாசல் தம்பி, அந்தத் தாயைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இதை யோசியுங்கள். அவர் பணம் கட்டியபோது கிளையில் காகித ரசீது இருக்கிறது, அவர் கையில் ஒரு பிரதி இருக்கிறது, நகை வெளியே போனதற்குப் பெட்டகப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. தொலைந்த 15 நிமிடத்தை 22 கிளைகளிலும் கேட்டு அன்று மாலைக்குள் மறுபடி எழுதிவிடலாம். பத்து ஆண்டுக் கணக்கு குலைந்தால் எதை வைத்து எழுதுவீர்கள்? முதலாளி ஒன்றுக்குத்தான் பணம் தருவார் என்றால், பிந்திவரும் நகலை முதலில் வாங்குங்கள். உடனடி நகல் அடுத்த ஆண்டு வரட்டும்.

கழனிவாசல் · 7 அக்டோபர், இரவு 10.50

இதை ஏற்க மனம் இடங்கொடுக்கவில்லை, ஐயா. பாதி கிளைகளில் காகித ரசீதை நிறுத்திவிட்டோம். குறுஞ்செய்திதான் போகிறது. குறுஞ்செய்தியின் பதிவும் அதே ஸ்டோரேஜில்தான் இருக்கிறது.

வளவு · 7 அக்டோபர், இரவு 11.05

அப்படியானால் முதல் வேலை ஸ்டோரேஜ் இல்லை. அன்றாட நடவடிக்கைகளைக் கிளைக் கணினியிலேயே ஒரு கோப்பில் தனியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாள்வழி கிளையில், பேரேடு தலைமையகத்தில். ஒரு வாரம் வைத்திருந்து பிறகு அழித்தால் போதும். உங்கள் மென்பொருள் எழுதியவர்கள் செய்துதரக்கூடிய மாற்றம்தான் இது. அது வந்தபிறகு நான் சொன்னதை மறுபடி யோசித்துப் பாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா · 8 அக்டோபர், காலை 6.45

ஃபைபர் போடும் வேலையில் 14 ஆண்டு இருக்கிறேன். ஸ்டோரேஜ் பற்றிப் பேசுகிறீர்கள். நடுவில் கிடக்கும் கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு லைன் வாங்கினால் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சாலையோரம் ஒரே பள்ளத்தில் இரண்டு பேருடைய குழாயும் கிடப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடிநீர்க் குழாய்க்காக ஜேசிபி ஒருமுறை தோண்டினால் இரண்டும் சேர்ந்து அறுந்துபோகும். லைன் வாங்கும்போது வழித்தட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று சாலை வழியாகவும் மற்றொன்று வேறு ஊரைச் சுற்றியும் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

லைன் அறுந்தபோது நடப்பது இன்னும் மோசம். காரைக்குடி உயிரோடு இருக்கிறது, தேவகோட்டையும் உயிரோடு இருக்கிறது, நடுவில் தொடர்பில்லை. மற்றது செத்துவிட்டது என்று இரண்டும் நினைத்து, நானே மூலம் என்று இரண்டும் எழுதத் தொடங்கினால், தேவகோட்டைக் கிளை ஒரு கணக்கும் மற்ற 21 கிளைகள் இன்னொரு கணக்கும் எழுதும். அதை ஒன்றுசேர்ப்பதைவிடத் தீப்பிடித்ததைச் சமாளிப்பது எளிது. மூன்றாவது ஊரில் சாட்சி சர்வர் ஒன்று வைக்க வேண்டும். சாட்சியின் ஒப்புதல் கிடைத்த பக்கம் மட்டும் எழுதும். மற்றது கை கட்டி நிற்கும். ஒரு நிறுவனத்தில் அந்தச் சாட்சியை மூல சர்வர் இருக்கும் அதே ரேக்கில் வைத்திருந்தார்கள். திருச்சியிலோ மதுரையிலோ வையுங்கள்.

கழனிவாசல் · 8 அக்டோபர், காலை 8.10

எங்கள் விற்பனையாளர் சாட்சி என்ற சொல்லையே எடுக்கவில்லை. இன்றே கேட்கிறேன்.

முகப்பு · 8 அக்டோபர், பகல் 12.30

இவ்வளவு சிரமம் எதற்கு? எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் அமேசான் மையம் வைத்திருக்கிறதே.

பெட்டியடி · 8 அக்டோபர், பிற்பகல் 1.15

போடலாம், தவறில்லை. ஆனால் இன்னோர் ஊரில் நகல் வைக்க வேண்டும் என்று கேட்டுப் பணம் கட்டுவது உங்கள் வேலை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்தவர்கள் பலருக்குத் தரவும் போயிற்று, பேக்கப்பும் போயிற்று.

அரசுகளுக்கும் இது நடக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜியோன் நகரில் அரசு டேட்டா சென்டர் பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்த 858 டெராபைட் கிடங்குக்கு வெளியே எங்கும் நகல் இல்லை. அளவு மிகப் பெரியது, அதனால் நகல் வைக்கவில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. பெரியது என்பது நகல் வைக்காமலிருக்கக் காரணமா? எனக்கு மனம் ஆறவில்லை. எத்தனை பேருடைய எத்தனை ஆண்டு உழைப்பு!

இரண்டாங்கட்டு · 8 அக்டோபர், மாலை 5.40

ஒரு சந்தேகம். நாள்வழியும் பேரேடும் தனித்தனிப் புத்தகங்கள். தபாலில் பேரேட்டுப் பக்கம் முதலில் வந்து, நாள்வழி வராமல் போனால் ஊரில் கணக்கு ஒட்டாது. எங்கள் பெட்டகத்தில் அப்படி ஒட்டாத மாதங்கள் உண்டு. கணினியில் இது நேராதா?

வளவு · 8 அக்டோபர், இரவு 9.50

நேரும், ஆச்சி. டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் லாக் கோப்பில் எழுதும், பிறகுதான் அட்டவணையில் எழுதும். நாள்வழி, பேரேடு என்ற அதே வரிசை. ஸ்டோரேஜில் இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு வால்யூமில், அதாவது தனித்தனியாகப் பிரித்த பகுதிகளில், இருக்கும். பிந்திய ரெப்ளிகேஷனில் அவை தனித்தனியாகப் பயணம் செய்தால், பேரேடு 10.05 மணி நிலையிலும் நாள்வழி 10.03 மணி நிலையிலும் அந்தப் பக்கம் கிடக்கும். அந்த டேட்டாபேஸ் திறக்க மறுக்கும். திறந்தாலும் நம்ப முடியாது. அதனால் ஒன்றோடொன்று தொடர்புள்ள வால்யூம்களை ஒரே குழுவாகக் கட்டி, இங்கே எழுதிய வரிசையிலேயே அங்கும் எழுத வேண்டும். கன்சிஸ்டன்சி குரூப் என்று பல ஸ்டோரேஜ்களில் ஓர் ஏற்பாடு இருக்கும். தம்பி, உங்களுடைய அடகு டேட்டாபேசின் எல்லா வால்யூமும் அந்தக் குழுவில் இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பிறகு சேர்த்த வால்யூமைக் குழுவில் சேர்க்க மறந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

லைன் அளவையும் சொல்லிவிடுகிறேன். 120 ஜிகாபைட்டை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் நொடிக்கு 11 மெகாபிட்தான். அதை நம்பி வாங்கக் கூடாது. மாலையில் எந்த இரண்டு மணி நேரம் நெரிசல்?

கழனிவாசல் · 8 அக்டோபர், இரவு 10.15

4 முதல் 6 வரை. அதில் மட்டும் 48 ஜிகாபைட் போகிறது.

வளவு · 8 அக்டோபர், இரவு 10.25

அப்படியென்றால் அந்த நேரத்தில் 53 மெகாபிட் வேண்டும். 50 மெகாபிட் லைன் வாங்கியிருந்தால், பதிவுகள் அதிகம் வரும் அந்த நேரத்தில்தான் தொலைதூர நகல் பின்தங்கும். 100 வாங்குங்கள். முதல் 18 டெராபைட்டை மட்டும் லைனில் அனுப்பாதீர்கள். 100 மெகாபிட்டில் நாளொன்றுக்கு ஒரு டெராபைட்தான் போகும், 17 நாள் ஆகும். வட்டுகளில் ஏற்றி, ஆள் கையில் கொடுத்தனுப்புங்கள். பிறகு வரும் மாற்றங்கள் லைனில் போகட்டும்.

கழனிவாசல் · 19 நவம்பர், இரவு 8.30

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். முதலாளியிடம் ஆச்சி எழுதிய கடிதச் செய்தியை அச்செடுத்துக் காட்டினேன். நெடுநேரம் படித்தார். டேப்பை நிறுத்தும் பேச்சு அதோடு முடிந்தது.

கிளைக் கணினிகளில் நாள்வழிக் கோப்பு வந்துவிட்டது. அது வந்த பிறகு வளவு ஐயா சொன்ன வரிசை சரி என்று எனக்கே பட்டது. ஆகவே பிந்திய நகலை முதலில் முடித்தோம். ஹைதராபாத்தில் வாடகைக்கு எடுத்த கிளவுட் இடத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்கள் போகின்றன. அங்கே போனதை 30 நாளுக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறோம். நிர்வாகக் கடவுச்சொல் வைத்திருக்கும் என்னாலும் முடியாது. வாரம் ஒருமுறை டேப் தேவகோட்டை வங்கி லாக்கருக்குப் போகிறது. உடனடி நகலுக்கான ஸ்டோரேஜ் தேவகோட்டையில் இறங்கிவிட்டது. சாட்சி சர்வர் திருச்சியில். இரண்டாவது லைன் வேறு வழித்தடத்தில் வரும்வரை உடனடி நகலை இயக்கப் போவதில்லை.

பெட்டியடி · 19 நவம்பர், இரவு 9.00

மிக நல்ல செய்தி. எப்போது மீட்டுப் பார்க்கப் போகிறீர்கள்? டேப்பிலிருந்து, முழுவதுமாக, காரைக்குடியைத் தொடாமல்?

கழனிவாசல் · 14 டிசம்பர், இரவு 11.20

இன்று செய்தோம். ஞாயிற்றுக்கிழமை, கிளைகள் விடுமுறை. காரைக்குடிக் கட்டடம் இல்லை என்று வைத்துக்கொண்டு, லாக்கரிலிருந்து எடுத்த டேப்பையும் தேவகோட்டையில் இருக்கும் கருவிகளையும் மட்டும் பயன்படுத்துவது என்று நான்கு பேர் காலை 8 மணிக்குத் தொடங்கினோம். லாக்கரை வெள்ளிக்கிழமையே திறந்து டேப்பை எடுத்துவைத்திருந்தோம். உண்மையான ஆபத்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் வங்கி மூடியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாங்கள் பயன்படுத்தும் எல்.டி.ஓ. 8 வகை டேப் நொடிக்கு 360 மெகாபைட் படிக்கும். 18 டெராபைட்டையும் படித்தால் 14 மணி நேரம் ஆகும். ஆகவே அடகு டேட்டாபேஸ் 2.4 டெராபைட்டை முதலில் எடுத்து, நகைப் படங்களைப் பிறகு எடுப்பது என்று முன்பே டேப்பைப் பிரித்து எழுதியிருந்தோம். கடைத் திறப்புக்கு 2 மணி நேரம் போதும் என்பது என் கணக்கு.

6 மணி 20 நிமிடம் ஆனது.

டேப் மறையாக்கம் செய்யப்பட்டது. அதைத் திறக்கும் சாவி காரைக்குடி சர்வரில் மட்டும்தான் இருந்தது. மூன்று மணி நேரம் வேறு வழி தேடினோம், கிடைக்கவில்லை. கடைசியில் விதியை மீறி, காரைக்குடிக்கு ஆளை அனுப்பிச் சாவியை எடுத்துவரச் செய்தேன். உண்மையாகவே கட்டடம் போயிருந்தால் 18 டெராபைட்டும் கையில் இருந்தும் ஒரு வரியைக்கூடப் படித்திருக்க முடியாது. பிறகு பொன்னமராவதிக் கிளை மென்பொருள் இணையவில்லை. தலைமையக சர்வரின் முகவரியை யாரோ எப்போதோ நேரடியாக எண்ணாகவே எழுதி வைத்திருந்ததால், அது காரைக்குடியையே தேடிக்கொண்டிருந்தது.

2.20க்கு முதல் அடகுச் சீட்டு திரையில் வந்தது. நான்கு கிளைகளின் காகிதப் பதிவேட்டோடு 200 கணக்குகளை ஒப்பிட்டோம். ஒன்றுகூடப் பிசகவில்லை.

இரண்டாங்கட்டு · 15 டிசம்பர், காலை 6.30

படித்தேன், தம்பி. அந்தச் சாவி இப்போது எங்கே இருக்கிறது?

கழனிவாசல் · 15 டிசம்பர், காலை 9.10

இரண்டு காகிதங்களில் அச்சிட்டு முத்திரையிட்டோம், ஆச்சி. ஒன்று திருச்சியில் எங்கள் வழக்கறிஞரின் அலுவலகப் பெட்டகத்தில். இன்னொன்று முதலாளியின் வீட்டில், அவருடைய அப்பத்தா காலத்து இரும்புப் பெட்டியில். டேப்பும் வங்கி லாக்கரிலிருந்து விடுமுறை நாளிலும் திறக்கக்கூடிய இடத்துக்கு மாறுகிறது. பொன்னமராவதிக்கு இன்று மதியம் நானே போகிறேன். மற்ற 21 கிளைகளிலும் அந்த எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இந்த வாரத்துக்குள் தேடி முடிக்க வேண்டும்.

அடுத்த ஒத்திகை பிப்ரவரி 22. மாசி பங்குனித் திருவிழாக் கூட்டம் தொடங்குவதற்கு முன் செய்துவிட வேண்டும் என்று முதலாளியே நாள் குறித்துக் கொடுத்தார். அன்று டேப் இல்லை; ஹைதராபாத் நகலிலிருந்து. நான் ஊரில் இருக்க மாட்டேன், தொலைபேசியையும் எடுக்க மாட்டேன். எழுதி வைத்திருக்கும் தாளைப் பார்த்து மற்ற மூவரும் செய்ய வேண்டும்.